கையில் அதிகம் காசில்லை. வேற்றுமொழியின் ஸ்லாங்கையும் மரபுத்தொடர்களையும் எப்படிக் கற்றுக்கொள்வது?

இலக்கணம் தெரிகிறது, செய்தி படித்தால் புரிகிறது, ஆனால் அந்த மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பாதிக்கு மேல் நழுவிப் போகிறது, வகுப்புக்குக் கட்டவும் பணமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 4 வருடமாக ஸ்பானிஷ் கற்கிறேன். அதில் ஒரு வருடம் முழுக்க நீங்கள் சொல்லும் இதே இடத்தில்தான் நின்றேன். அதனால் ஸ்பானிஷை வைத்தே சொல்கிறேன். உங்கள் மொழி வேறாக இருந்தாலும் வழி இதுவேதான்.

இதற்காக நான் செலவழித்த பணத்தில் வீணாய்ப் போனது ஒரு மின்னூலுக்குக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான ஸ்லாங் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொருள், அவ்வளவுதான். எந்த நாட்டில் சொல்வார்கள், யார் யாரிடம் சொல்வார்கள், இன்னமும் சொல்கிறார்களா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்லாங்கில் பொருளைவிட முக்கியம் அந்த மூன்றும்தான்.

ஓர் உதாரணம். மெக்சிகோவில் நண்பர்கள் மூச்சுக்கு மூச்சு 'குவேய்' என்பார்கள். எருதைக் குறிக்கும் 'புவேய்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று ஏறத்தாழ நம்முடைய 'மச்சி'. வீடியோக்களில் கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லை, என்னோடு மொழிப் பரிமாற்றம் செய்துவந்த மெக்சிகோ பெண்மணி ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு என் அம்மாவின் வயது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நிறுத்தி, "இதை உன் அம்மாவிடம் சொல்வாயா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்கிறேன். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றால் அகராதியில் இருப்பதைத்தான் சொல்வார்கள். "இதை உங்கள் அம்மாவிடம் சொல்வீர்களா? மேலதிகாரியிடம்? உங்கள் தம்பி சொல்வானா, தாத்தா சொல்வாரா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, அம்மாவிடமா!" என்று ஒருவர் பதறினாலே அந்தச் சொல்லின் குணம் பாதி தெரிந்துவிடும். இந்த மாதிரிப் பேச்சுத் துணை கிடைக்க டேண்டம், ஹலோடாக் போன்ற செயலிகளின் இலவச வசதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் உங்களுக்குத் தெரிந்த மொழி என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் மனக்குறை இருக்காது.

ஊருக்கு ஊர் மாறுவதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கியூபாவில் 'குவாகுவா' என்றால் பேருந்து. சிலியில் அதே சொல் கைக்குழந்தை. ஸ்பெயினில் பேருந்தைப் 'பிடிப்பதற்கு' எல்லாரும் இயல்பாகச் சொல்லும் 'கோஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் பச்சையான கெட்ட வார்த்தை. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு நாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்ற நாட்டுச் சொற்கள் காதில் விழட்டும், வாய்க்கு இப்போது வேண்டாம்.

இந்த நாட்டுக் குறிப்பெல்லாம் காசில்லாமலே கிடைக்கிறது. ஸ்பானிஷ் ராயல் அகாதமியின் அகராதியை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பேச்சு வழக்கு, கொச்சை, வழக்கொழிந்தது என்று சொல்லுக்குச் சொல் அதில் அடையாளமிட்டிருப்பார்கள். லத்தீன் அமெரிக்கச் சொற்களுக்கென்றே 2010-இல் வந்த 'அமெரிக்கானிஸ்மோஸ்' அகராதி எந்தெந்த நாட்டில் எந்தப் பொருள் என்று பிரித்துக் காட்டுகிறது. உங்கள் மொழிக்கு இப்படி ஒன்று இல்லாவிட்டால் விக்சனரி என்ற இலவச இணைய அகராதியில் தேடுங்கள், அங்கேயும் இத்தகைய குறிப்புகள் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கும் ஸ்லாங் தளங்களைப் பார்க்கலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஒரு சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

கேட்பதற்கு என்ன? ஒரு வருடம் நான் நகராமல் நின்றதற்குக் காரணமே இதுதான்: டப்பிங் தொடர்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லத்தீன் அமெரிக்காவுக்கான டப்பிங்கில் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்று, 'நெயூத்ரோ' எனப்படும் பொதுமொழியை வைத்துப் பேசுவார்கள். ஊர் வாசனையுள்ள சொற்களை முடிந்தவரை தவிர்த்துவிடுவார்கள். நான் தேடியதை அவர்கள் வேண்டுமென்றே வடிகட்டியிருந்தார்கள்! தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேச வைக்கும் 'ஈஸி ஸ்பானிஷ்' யூடியூப் சேனலுக்கு மாறிய பிறகுதான் காது திறந்தது. 'ஈஸி ஜெர்மன்' போல வேறு மொழிகளுக்கும் அதே பாணியில் சேனல்கள் இருக்கின்றன. 'ரேடியோ அம்புலாந்தே' என்ற பாட்காஸ்ட், லத்தீன் அமெரிக்காவின் பல நாட்டு மனிதர்களின் உண்மைக் கதைகளை அவர்கள் குரலிலேயே தருகிறது. பேச்சின் எழுத்து வடிவமும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடவிடுவதைவிட, 5 நிமிடத் துண்டை முதலில் எழுத்தில்லாமல், பிறகு எழுத்தோடு, மறுபடி எழுத்தில்லாமல் கேட்பது எனக்கு அதிகம் தந்தது. தானியங்கி வசன வரிகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சறுக்குவது பெரும்பாலும் நமக்குத் தேவையான அந்த ஸ்லாங் சொல்லில்தான்.

மரபுத்தொடர் விஷயத்தில் நம்மவர்கள் பலரும் செய்வது, ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து தமிழுக்கு வருவது. நானும் அப்படித்தான் செய்தேன், மனதில் தங்கவே இல்லை. நேராகத் தமிழோடு முடிச்சுப் போட ஆரம்பித்த பிறகு மறக்கவில்லை. 'தோமார் எல் பெலோ', சொல்லுக்குச் சொல் பார்த்தால் முடியைப் பிடிப்பது. அது நம் காதில் பூச்சுற்றுவது. 'மெதேர் லா பாத்தா', காலை உள்ளே விடுவது, அது சொதப்புவது. நாக்கில் முடியில்லாதவர் என்றால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். 'பான் கொமீதோ', தின்று முடித்த ரொட்டி, அதாவது ஜுஜுபி. 'பேஸ் கோர்தோ', கொழுத்த மீன், பெரிய புள்ளி. இப்படி இணை தேடும்போது 'சொதப்புவது' என்பதை நான் எங்கே சொல்வேன், எங்கே சொல்ல மாட்டேன் என்று தமிழிலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையில்தான் ஸ்பானிஷ் தொடர் உட்காருகிறது. எல்லாவற்றுக்கும் இணை கிடைக்காது. கிடைக்காதவற்றை யார் எப்போது சொன்னார்கள் என்ற காட்சியோடு எழுதி வையுங்கள்.

என் நோட்டில் ஒவ்வொரு பதிவிலும் 4 விஷயம் இருக்கும்: கேட்ட முழு வாக்கியம், சொன்னவர் யார், எந்த நாடு, தமிழ் இணை. தனிச்சொல்லை எழுதுவதே இல்லை. மறுபார்வைக்கு 'அங்கி' (Anki) என்ற நினைவட்டைச் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் மட்டும் விலை உண்டு. ஒரு சொல்லை 3 வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் நான் பேசும்போது பயன்படுத்துவேன். வசைச் சொற்களுக்கு அந்த விதிகூட இல்லை. புரிந்தால் போதும், சொல்வதில்லை.

கொஞ்சம் பணம் சேர்ந்தால் மாதத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் தனி ஆசிரியரிடம் போங்கள், பாடம் கேட்க அல்ல. நோட்டில் சந்தேகக்குறி போட்ட 20, 30 வாக்கியங்களை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா கேள்வியைக் கேளுங்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் 25 வரை முடிகிறது.