அட்டைக்கு எந்தப் படம்?

அன்புள்ள ஐயா,

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைப் பல வருடங்களாகப் படமெடுத்து வருகிறேன். இப்போது அது 'தாயகம் திரும்பியோர்' என்று புத்தகமாகிறது. அட்டைக்கு மூன்று படங்கள் மிஞ்சியிருக்கின்றன, இணைத்திருக்கிறேன். பனி படர்ந்த பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பதிப்பாளரின் தேர்வு. தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைப் பிடித்திருக்கும் பாட்டியின் முகம், என் தேர்வு. மூன்றாவது, இலை நிறுக்கும் இடம். எதை வைக்கலாம்?

ர., கூடலூர்

அன்புள்ள ர.,

மூன்றாவதை வையுங்கள்.

உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு இருக்கும். அட்டையில் தலைப்புதான் குறிப்பு. அதனால் மூன்றின் மேலும் உங்கள் தலைப்பை எழுதிப் பார்த்தேன். பச்சைச் சரிவின் மேல் அது, எல்லோரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள் என்கிறது. இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்த மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் காட்டு நிலத்தில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. இதில் எதுவும் அந்தச் சரிவில் தெரியவில்லை. டீத்தூள் பாக்கெட்டிலும் அதே சரிவுதானே இருக்கிறது?

பாட்டி படம் மூன்றிலும் அழகானது. மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய அந்தக் குடும்ப அட்டையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் பெயரும் ஊரும் வந்த வருடமும் கூடவே இருந்தால்தான் அவர் அவராக இருப்பார். அட்டையில் ஏற்றினால் பார்க்கிறவர்கள் 'பாவம்' என்று சொல்லும் ஒரு கிழவி ஆகிவிடுவார். உள்ளே முழுப் பக்கம் கொடுங்கள்.

நிறுக்கும் படத்தில் நாலு பெண்களும் காமிராவைப் பார்க்கவில்லை. முன்னால் நிற்பவரின் விரல் நுனியெல்லாம் இலைக்கறை. நாலு பேர் கண்ணும் தராசு முள்ளில். மழைநாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும். அறியாதவர்கள், இவ்வளவு உற்று எதைப் பார்க்கிறார்கள் என்று புத்தகத்தைத் திறப்பார்கள். திரும்பி வந்தது எதற்கு என்ற கேள்வி தலைப்போடு தானாகச் சேர்ந்துகொள்கிறது.

படம் அகலமானது. முன்னட்டைக்கு மட்டும் வெட்டினால் இடது ஓரத்தில் கணக்கெழுதுகிறவர் போய்விடுவார். பின்னட்டை வரை சுற்றிவிடுங்கள்: பெண்களும் தராசும் முன்னால், நோட்டும் பேனாவும் பின்னால். முள் முதுகு மடிப்பில் மாட்டக் கூடாது, பார்கோடு நோட்டின் மேல் ஏறக் கூடாது. மேட் லேமினேஷன் போட்டால் கறுப்பு வெளுத்துப்போகும். லேமினேஷனோடு ப்ரூஃப் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், அந்தப் பெண்கள் இன்னும் அதே தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் என்றால், உள்ளே ஒரு பக்கத்தில் வரச் சம்மதித்தது அட்டைக்கும் சேர்த்துச் சொன்ன சம்மதம் ஆகாது. மாதிரி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். கணக்கெழுதுகிறவரிடமும்தான். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள். அப்படியானால், பாட்டி சம்மதித்தால், அவர் கையும் குடும்ப அட்டையும் மட்டும் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.