அது நீலக்குறிஞ்சிதானா? வீட்டில் வளருமா?

கேள்வி: செப்டம்பரில் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் போயிருந்தோம். சாலையோரச் சரிவில் ஊதா கலந்த நீலப் பூக்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. வண்டி ஓட்டி வந்தவர் குறிஞ்சி என்றார். கடைசியாக 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் என்கிறார்களே? அது குறிஞ்சி என்றால் விதையோ கன்றோ எடுத்து வந்து தோட்டத்தில் வைக்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது குறிஞ்சிக் குடும்பத்துச் செடியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நீலக்குறிஞ்சிதானா என்பது வேறு கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிஞ்சிச் செடிகள் அடங்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும், சில பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. மகாராஷ்டிரத்துக் கார்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. நாம் நீலக்குறிஞ்சி என்று சொல்லும் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா 12 ஆண்டுக்காரன்.

அடையாளம் காணப் பூவிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பேரினத்துப் பூக்களில் பல ஒரே சாயலில் இருக்கும்: மணி வடிவம், ஐந்து மடல், குழாயின் உட்புறம் சூல்தண்டைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு வரிசை நுண்மயிர். கைலென்ஸ் வைத்து அந்த மயிரைப் பார்த்துவிட்டால் பேரினம் உறுதியாகும், இனம் உறுதியாகாது. முதலில் செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவின் செடி. சோலைக்காட்டு மரநிழலிலும் ஓடைக்கரை ஈரத்திலும் நிற்பவை பெரும்பாலும் அதன் உறவுக்காரர்கள். அடுத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். எதிரெதிராக அமைந்த இலை, விளிம்பில் பல், மேற்புறம் கரும்பச்சையாய்ச் சொரசொரப்பாக, நரம்புகள் ஆழப் பதிந்திருக்கும். அடிப்புறம் சாம்பல் வெளுப்பாய்ப் பஞ்சு படிந்ததுபோல் இருக்கும். மூன்றாவதாகச் சரிவு முழுவதையும் பாருங்கள். ஒரே வயதுச் செடிகள் என்பதால் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்றடிக்கும் உச்சிச் சரிவில் பெரும்பாலும் முழங்கால் அளவு, ஒதுக்கமான இடத்தில் ஆள் உயரத்தையும் தாண்டும்.

படம் எடுப்பதென்றால் இலையின் அடிப்புறம், பூங்கதிரும் அதன் செதில்களும், முழுச் சரிவு என்று மூன்றும் வேண்டும். பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மார்ச், ஏப்ரலில் மூணாறு சாலைகளில் நீலமாய்ப் பூப்பது ஜகரண்டா மரம். அதையும் குறிஞ்சி என்று பரப்புகிறார்கள்.

சரி, அது நீலக்குறிஞ்சியேதான் என்று வைத்துக்கொள்வோம். 2030-க்கு முன் எப்படிப் பூக்கும்? 12 ஆண்டுக் கணக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி. மூணாறு இரவிகுளமும் கொடைக்கானலும் 2006, 2018 என்ற வரிசையில் வருபவை. இடுக்கி மாவட்டத்துக் கள்ளிப்பாறையில் 2022-ல் பெரிதாகப் பூத்தது. தவிர, கூட்டத்தோடு சேராமல் ஓரிரு ஆண்டு முன்பின்னாகப் பூக்கும் தனிச்செடிகளும் உண்டு. அவை பாவம். மகரந்தம் பரிமாற அக்கம்பக்கத்தில் துணை இராது, விளைகிற சொற்ப விதையையும் பூச்சியும் எலியும் முடித்துவிடும். மலையே ஒன்றாகப் பூத்தால் தின்பவை தின்றாலும் மிச்சம் இருக்கும். இந்த நீண்ட சுழற்சிக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். வேண்டாம். முதல் காரணம் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் அட்டவணையில் இருக்கிறது. காட்டிலிருந்து பறிப்பது, பிடுங்குவது, சேகரிப்பது, விற்பது எல்லாம் குற்றம், 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. உரிமம் இல்லாமல் பயிரிடவும் தடை இருக்கிறது. யாராவது கன்று விற்றால் வாங்காதீர்கள்.

இரண்டாவது காரணம் செடியின் இயல்பு. அது 1,340 முதல் 2,600 மீட்டர் வரை உயரமுள்ள குளிர்ந்த மலைகளில், வேரில் நீர் தேங்காத சரிவு மண்ணில் வாழப் பழகியது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மட்டுமே இயற்கையாக இருக்கிறது. சமவெளி வெயிலும் தொட்டி மண்ணும் அதற்கு ஒத்துவராது. தப்பிப் பிழைத்தாலும் ஒருமுறை பூத்துக் காய்த்ததும் செத்துவிடும். பதினோரு ஆண்டுகள் வெறும் பச்சைப் புதரைப் பார்த்துவிட்டு, ஒரு பருவப் பூவோடு முடிந்துபோகும்.

அந்தச் சாவைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சேதம் அதை ஒட்டித்தான் நடக்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூ. அடுத்த சில மாதங்களில் காய் முற்றி உலர்ந்து வெடிக்கிறது. காய்க்குள் விதைக்குக் கீழே கொக்கிபோல் ஒரு காம்பு இருக்கிறது, அதுதான் விதையை உந்தித் தள்ளுவது. விதை போய் விழுவது தாய்ச்செடியிலிருந்து சில மீட்டருக்குள்தான். காற்றில் மிதக்க இறகு இல்லை, பறவை தின்று பரப்பச் சதைக்கனியும் இல்லை. ஆகவே ஒரு சரிவில் அழிந்த குறிஞ்சி பக்கத்துச் சரிவிலிருந்து தானாக வந்து நிரப்புவதென்றால், 12 ஆண்டுக்கு ஒருமுறை சில மீட்டர் என்ற வேகத்தில்தான் வர வேண்டும்.

பூக்கும் ஆண்டில் காவல், பேருந்து, கட்டணம் எல்லாம் இருக்கும். அதற்கு அடுத்த ஆண்டுதான் உண்மையான ஆபத்து. மலை முழுக்கச் செத்த குச்சிகள் காய்ந்து நிற்கும், கோடையில் ஒரு தீக்குச்சி போதும். மழை வந்ததும் முளைக்கும் நாற்றுகள் புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாது, அவற்றின்மேல்தான் வண்டி ஏறும், மாடு மேயும், கூடாரம் போடப்படும். 2030-ல் பார்க்கப் போகிறவர்கள் 2031-லும் 2032-லும் அதே சரிவில் பாதையை விட்டு இறங்காதிருப்பது பூவைப் பறிக்காதிருப்பதைவிடப் பெரிய உதவி என்பது எங்கள் கருத்து.

2024-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சி அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. வாழிடம் போன வழி தெரிந்ததே: தேயிலை, யூகலிப்டஸ், பைன், சீகை (வாட்டில் என்னும் வெளிநாட்டு மரம், சீகைக்காய்ச் செடி அல்ல). இதில் சீகை மரம் மிகவும் பொல்லாதது. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். மரத்தை வெட்டியதோடு வேலை முடியாது. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது சீகை நாற்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும், அதைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். வனத்துறை அனுமதியோடு இப்பணி நடக்கும் இடங்களில் நீங்களும் சேரலாம். மலைப் புல்வெளியில் மரக்கன்று நடும் விழாவுக்கு அழைத்தால் மட்டும் போகாதீர்கள், நடுபவர்களிடமும் பேசிப் பாருங்கள். அந்தப் புல்வெளி வெறும் பொட்டல் அல்ல, நிழல் விழுந்தால் குறிஞ்சிக்கு அங்கே இடமில்லை.