வாளைச் செய்யட்டும், செய்முறையைத் தேடட்டும்

கேள்வி: ஆரியங்காவில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மாலைகளில் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம். நான்தான் கேம் மாஸ்டர், கதையை நடத்துவது என் வேலை. மந்திரம் தெரிந்த கொல்லனாக ஆடும் நண்பர் ஆறாவது லெவலுக்கு வந்துவிட்டார். கையில் 5,000 பொற்காசு சேர்ந்ததும், ப்ளஸ் டூ வாள் (பகடையில் விழும் எண்ணோடு இரண்டைக் கூட்டித் தரும் மந்திர வாள்) ஒன்றைத் தானே செய்வேன் என்கிறார். 2014-ல் வந்த விதிப்புத்தகப்படி 200 நாள் ஆகும். மற்றவர்கள் அதுவரை சும்மா இருக்க முடியாது என்கிறார்கள். நாளைக் குறைத்துக் கொடுத்தால் ஆளுக்கொன்று செய்யத் தொடங்கி, மேஜிக் ஐட்டத்துக்கே மதிப்பில்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஏற்கெனவே ஒரு பறக்கும் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு முழிக்கிறேன். என்ன செய்யலாம்?
(வாசகர், ஆரியங்காவு)

பதில்: தாராளமாகச் செய்ய விடுங்கள். தன் கையால் ஒரு வாள் செய்ய வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவது உங்கள் உலகத்தை அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அடையாளம். அதற்கு முட்டுக்கட்டை போடாதீர்கள்.

முதலில் கணக்கு. 2014 விதியில் ஒரு நாளைக்கு 25 பொற்காசு அளவுக்குத்தான் வேலை நகரும். மந்திரப் பொருள்களின் அபூர்வத்தை அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி என்று படிப்படியாக ஏற்றிச் சொல்வார்கள். உங்கள் நண்பர் கேட்கும் வாள் ரேர். ரேர் பொருளுக்கு 5,000, அதனால் 200 நாள். லெஜண்டரிக்கு 5 லட்சம். 20,000 நாள், அதாவது ஏறக்குறைய 55 வருஷம்! மனிதக் கேரக்டர் கிழவனாகிவிடுவான். முடியாது என்பதைத்தான் அந்த விதி நாசூக்காகச் சொல்கிறது என்பது என் எண்ணம். எழுதியவர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். 2017-ல் வந்த துணைப் புத்தகத்தில் ரேர் பொருளுக்கு 10 வேலை வாரம் (வாரத்துக்கு ஐந்து நாள்), 2,000 பொற்காசு என்று குறைத்தார்கள். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அரிய மூலப்பொருள் ஒன்றைத் தேடிப் போய், அதைக் காக்கும் பிராணியைச் சமாளித்துக் கொண்டுவர வேண்டும். 2024 பதிப்பிலும் ரேர் பொருளுக்கு 50 நாள், 2,000 பொற்காசுதான். நீங்கள் 2017 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பு விஷயம். உங்களுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. புனலூர், பத்தனம்திட்டா வழியாக ஒருநாள் ஆறன்முளாவுக்குப் போய்வாருங்கள். அங்கே செய்யும் உலோகக் கண்ணாடியைக் கையில் வாங்கி, விரல் நுனியை அதன்மேல் வையுங்கள். வீட்டுக் கண்ணாடியில் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் கனத்துக்கு ஓர் இடைவெளி தெரியும். இதில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் உலோகத்தின் மேல்பரப்பே பிம்பத்தைக் காட்டுகிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். களிமண் அச்சில் வார்த்து, ஆறியதும் அச்சை உடைத்து எடுத்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். கீழே விழுந்தால் உடைந்துவிடும். எந்த அளவில் என்ன சேர்க்கிறார்கள் என்பது மட்டும் சில குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் நம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவை என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

கண்ணாடியைக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம், செய்முறையை வாங்க முடியாது. உங்கள் விதிப்புத்தகமும் இதையேதான் சொல்கிறது, பலர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2014 புத்தகத்தில் ஒரு பொருளின் செய்முறை அந்தப் பொருளைவிட ஒரு படி அபூர்வமானது. ரேர் வாளின் செய்முறை வெரி ரேர். லெஜண்டரிக்குச் செய்முறையே கிடையாது. ஆகவே நண்பரிடம் காசு இருக்கிறது, உலை இருக்கிறது. செய்முறை யாரிடம் இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி, வாரிசு இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். அவள் எதற்காகச் சொல்வாள்? அதற்கு அந்த நால்வரும் சேர்ந்து விடை தேடட்டும். இன்னொருவர் தனக்கும் ஒன்று செய்ய ஆசைப்பட்டால், அந்தப் பொருளுக்கு வேறு ஒரு செய்முறை, வேறு ஓர் ஆள். மதிப்புக் குறையாது.

பத்து வாரத்துக்கு மழையைத் துணைக்குக் கூப்பிடுங்கள். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்திலும் கணவாய் அடைபடட்டும். கொல்லன் உலையில் இருக்கும்போது மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்ளட்டும்: ஒருவர் ஊர்த்தலைவரின் வழக்கை விசாரிக்கலாம், ஒருவர் கடனை அடைக்கலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்து வாரத்தையும் முடித்துவிடலாம். கடைசியில் பகடை உருட்டி, வாள் விரிசல் விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இவ்வளவு தூரம் வந்தவருக்கு அது அநியாயம்.

துடைப்பத்தைப் பற்றி. அது அன்காமன் என்று போட்டிருப்பதை நம்பிக் கொடுத்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் மட்டும் பறக்கவைக்கும் மருந்து அதே புத்தகத்தில் வெரி ரேர்! அந்த அடையாளத்தை வைத்துச் சக்தியை எடைபோடக் கூடாது, ஒவ்வொரு பொருளையும் படித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்ததைப் பிடுங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிப் பிடுங்கி, நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் மனசை நோகடித்தேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதன் எல்லைகளைப் பாருங்கள்: 400 பவுண்டு, சுமார் 180 கிலோவுக்குமேல் தூக்காது. பாதிக்குமேல் ஏற்றினாலே வேகம் 50 அடியிலிருந்து 30 ஆகிவிடும். கவசம் போட்ட கொல்லன் ஏறினால், அவரோடு இன்னொருவரை ஏற்றுவது சிரமம். மீதிப் பேர் தரையில்தான் நடக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, சந்தையில் யாரோ ஒருவர் இடுப்பில் பழைய வாள் ஒன்றைக் கொல்லன் பார்க்கட்டும். இப்படி ஒரு மெருகை அவர் பார்த்ததே இல்லை. யார் செய்தது என்று அவர் கேட்பார், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.