மே மாதத்தில் நட்ட வேப்பங்கன்றுகள்

அன்புள்ள ஐயா,

கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் பாம்பன் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் பத்து நாள் சேவை முகாமில் இருந்தோம். கடற்கரையைச் சுத்தம் செய்தோம், ‘கடலைக் காப்போம்’ என்று சுவர்களில் எழுதினோம், 100 வேப்பங்கன்றுகள் நட்டோம். ஆண்கள் பலர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது வருத்தமாக இருந்தது. கடலில் பாசி எடுக்கும் ஒரு அம்மா தினமும் எங்களுக்கு மீன்குழம்பு கொடுத்தார். ஊர் திரும்பியதிலிருந்து குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. அவர்களுக்கு உண்மையில் நாங்கள் ஏதாவது செய்தோமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மீன்குழம்புக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். வந்த பிள்ளைக்குச் சோறு போடுவதை எங்கள் கரையில் யாரும் கணக்கு வைப்பதில்லை. கடற்கரையைச் சுத்தம் செய்ததும் நல்லதுதான், சரி.

அந்த ஆண்கள் விஷயம்தான் எனக்குக் கோபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசு போட்டிருக்கும் தடை அது. “ஏண்ணே, கடலுக்குப் போகலையா?” என்று பத்து நாளில் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாமே! உங்களுக்குச் சோறு போட்டவர் போன்ற பாசிப் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பாசித் தொழிலாளி லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. அவர்கள் ஊர்ச் சுவரில் போய் ‘கடலைக் காப்போம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த வேப்பங்கன்றுகள். மே மாதத்தில், ராமநாதபுரத்துக் கரையில்! எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. கோடையில் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். என் அத்தை விடியுமுன்னே போய் மணலில் ஊற்றுத் தோண்டுவார். கொஞ்சம் ஊறும், சிரட்டையால் மொண்டு குடத்தில் விடுவார், மறுபடி ஊறும்வரை காத்திருப்பார். ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். அந்தக் குடத்தை வாங்கித்தான் அவர்கள் தாங்கள் நட்ட கன்றுகளுக்கு ஊற்றினார்கள். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “விருந்தாளிப் பிள்ளைக, ஆசையா நட்டுருக்குக” என்று மறுபடி ஊற்றுக்குப் போனார். முகாம் முடிந்து அவர்கள் போன பிறகு பாதிக் கன்று காய்ந்தது, மீதியை ஆடு கடித்தது. குடமும் கையுமாக மணலில் குனிந்திருந்த அத்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பிள்ளைகளும் உங்களைப் போல நல்ல மனதோடு வந்தவர்கள்தான். முகாமுக்கு நாள் குறிப்பது கல்லூரி. லீவு பார்த்துக் குறிக்கிறார்கள். கரைக்கு எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்த மாதம் வருமானம் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் திட்ட அலுவலரிடம் போய் இதைச் சண்டை போட்டாவது கேளுங்கள். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்த பிறகு நாலு பேர் சேர்ந்து சனி ஞாயிறில் போனாலும் போதும். காய்ந்த இடத்தில் புதுக் கன்று வையுங்கள், ஆடு புகாமல் முள் அடையுங்கள். போவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறீர்கள்தானே?