ஒரு டிக் மாறிப் போனால்

கேள்வி: விமானத்தில் ஏற்றக் கூடாதவர்கள் என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் ரகசியப் பட்டியலை ஏன் எதிர்க்கிறார்கள்? தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?

பதில்: ரஹீனா இப்ராஹிமுக்கு நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள். மலேசியாக்காரர், ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவி. 2005 ஜனவரியில் ஊருக்குப் போக சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வருகிறார், அறுவை சிகிச்சை முடிந்து உடம்பு தேறாததால் சக்கர நாற்காலியில், கூடவே 14 வயது மகள். போலீஸ் வந்து கைவிலங்கு மாட்டிக் கூட்டிப் போனது, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் பறக்க விட்டார்கள், ஆனால் விசா ரத்தாகிவிட்டதால் திரும்பி வர முடியவில்லை.

வழக்குப் போட்டார். அரசு எல்லாமே ரகசியம் என்று இழுத்தடித்து, 2014 தீர்ப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம், அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் அதிகாரி ஒருவர் 2004-இல் அவரைப் பற்றி நிரப்பிய படிவம். எந்தெந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாமோ அந்தக் கட்டத்தில் டிக் போடச் சொல்லியிருந்தது, அதிகாரி தலைகீழாகப் புரிந்துகொண்டு போட்டுவிட்டார், ரஹீனா பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. அவ்வளவுதான். டிக் மாறுவது யாருக்கும் நடக்கும், சரி. அதை ஒத்துக்கொள்ள ஒன்பது வருஷம் ஆனதை எப்படி மன்னிப்பது? பட்டியலில் இருக்கிறீர்களா என்றே சொல்லாவிட்டால் எதை மறுத்துப் பேசுவீர்கள்? 2004-இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே பெயர்க் குழப்பத்தில் பலமுறை நிறுத்தினார்கள். அவருக்கு அமைச்சரிடம் நேரே பேச முடிந்தது. மற்றவர்களுக்கு?

கேள்வி: முறையிட வழியே இல்லையா?

பதில்: 2007 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் மனு போட்டாலும் பெயர் இருக்கிறதா இல்லையா என்று முதலில் யாருக்கும் சொன்னதில்லை. 2014-இல் ஒரிகன் மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்களுக்கும் பட்டியலில் இருப்பதையாவது சொல்கிறார்கள். எனக்கு ரொம்ப உறுத்துவது 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு: தங்கள் சமூகத்தை உளவு பார்த்துச் சொல்ல மறுத்ததால்தான் பட்டியலில் சேர்த்தார்கள் என்று சில முஸ்லிம்கள் போட்டது. அந்த அதிகாரிகளிடமே நஷ்டஈடு கேட்டு வழக்காடலாம் என்று தீர்ப்பு வந்தது. வழக்கு முற்றும்போது "பெயரை எடுத்துவிட்டோம், மூடிவிடுங்கள்" என்பதும் அரசின் பழக்கம். அது மட்டும் போதாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.