கேப்சூல் செல்லைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: ஏற்காட்டில் நடந்த ஓர் ஆரோக்கிய முகாமில், "நாற்பது வயதுக்கு மேல் செல்களுக்குள் பழைய புரதம் தேங்கிவிடும், அதை வெட்டி வெளியேற்றப் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்) கேப்சூல் சாப்பிடுங்கள்" என்று சொல்லி விற்றார்கள். என் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத்தான் சாப்பிடுகிறார். செல் தன் புரதத்தைத் தானே வெட்டிக்கொள்ளாதா? (ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: முதலில் அம்மாவை டாக்டரிடம் அழைத்துச் சென்று சர்க்கரை அளவைப் பாருங்கள். கேப்சூல் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு படிக்கலாம்.

இனி உங்கள் கேள்வி: ஆம், செல் தன் புரதத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். பிறந்தது முதல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் நாள்தோறும் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் சிதைக்கப்பட்டு, ஏறக்குறைய அதே அளவு புதிதாகக் கட்டப்படுகிறது. அவ்வளவு புரதத்தை நாம் ஒரு நாளும் சாப்பிடுவதில்லை. சிதைத்ததில் கிடைக்கும் அமினோ அமிலங்களையே உடல் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறது. சில என்சைம்கள் அரை மணி நேரம்கூட விட்டுவைக்கப்படுவதில்லை. ஹீமோகுளோபினோ சிவப்பணுவோடு சேர்ந்து 120 நாள் வாழ்கிறது. எதை எப்போது வெட்டுவது என்பதில் செல்லுக்கு இருக்கும் கண்டிப்பு அசாத்தியமானது. கேப்சூல் விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இந்தக் கண்டிப்பைத்தான்.

கண்டிப்பு ஏன் தேவை? அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு, தண்ணீரில் தானாக அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். புரோட்டியேஸ் அதே வேலையை நொடிக்குள் முடித்துவிடும். அப்படிப்பட்ட ஒன்று கட்டுப்பாடின்றி உலவினால் செல் பிழைக்காது.

சேலத்துக்காரரான உங்களுக்குப் பட்டுக்கூடு தெரிந்திருக்கும். கூட்டுக்குள் இருந்து வெளிவரும் அந்துப்பூச்சி வாயிலிருந்து கக்கும் திரவத்தில் கொக்கூனேஸ் என்ற புரோட்டியேஸ் இருக்கிறது. பட்டு இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே ஃபைப்ரோயின், மேலே பசையாக செரிசின். கொக்கூனேஸ் பசையைக் கரைக்கிறது, இழையை விட்டுவிடுகிறது. காரணம் இதுதான்: அது லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்கு அடுத்த இடத்தில் மட்டும் வெட்டும் இனம். ஃபைப்ரோயினோ பெரும்பாலும் கிளைசினாலும் அலனினாலும் ஆனது. அதில் வெட்டுவதற்கு இடமே அரிது. இழை இளகியதும் பூச்சி அதை ஒதுக்கிவிட்டு வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த அந்தக் கூட்டிலிருந்து ஒரே இழையாக நூல் எடுக்க முடியாது என்பதால்தான் பூச்சி வெளிவருமுன் கூட்டைச் சூடுபடுத்திவிடுகிறார்கள்.

நம் கணையத்தில் சுரக்கும் டிரிப்ஸினும் அதே இனம். அது செயலற்ற வடிவில்தான் சுரக்கும், குடலுக்கு வந்த பிறகே விழித்துக்கொள்ளும். கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் சுரப்பி தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. கடுமையான கணைய அழற்சியில் நடப்பது இதுதான்.

செல்லுக்குள் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று லைசோசோம், 1955-ல் கிறிஸ்டியன் டி டுவே குழுவினர் விவரித்த அமிலப் பை. அதிலுள்ள புரோட்டியேஸ்களில் பெரும்பாலானவை அந்த அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கசிந்து வெளியே வந்தால் வேகம் இழந்துவிடும்.

மற்றொன்றைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. புரதத்தைச் சிதைக்கச் செல் சக்தியைச் செலவிடுகிறது என்று 1953-ல் தெரியவந்தது. குடலில் நடக்கும் செரிமானத்துக்கு அப்படிச் சக்தி தேவையில்லை. உடைப்பதற்கு எதற்குச் சக்தி? இதற்கு விடை கண்ட ஆரோன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோருக்கு 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். சிதைக்க வேண்டிய புரதத்தின்மேல் செல் அதைச் சங்கிலியாகக் கட்டுகிறது. புரோட்டியசோம் என்ற குழாய் வடிவ வெட்டும் அமைப்பு அந்தச் சங்கிலியை அடையாளம் கண்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து, தன் குழாய்க்குள் இழுத்து வெட்டுகிறது. வெட்டும் இடங்கள் குழாயின் உட்சுவரில் மட்டுமே உள்ளன, வாசலும் குறுகலானது. யுபிக்விட்டினைக் கழற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. தேர்ந்தெடுக்கவும் பிரிக்கவும் இழுக்கவும்தான் சக்தி செலவாகிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கேப்சூல் எப்படி நுழையும்? அதிலுள்ள என்சைமே ஒரு புரதம். இரைப்பையின் அமிலத்துக்குத் தப்பிக் குடலுக்கு வந்தால் அங்கிருக்கும் உணவை வெட்டும், பிறகு தானும் செரிந்துபோகும். கணையம் போதிய அளவு சுரக்காதவர்களுக்கு டாக்டர்கள் என்சைம் கேப்சூல் எழுதித் தருகிறார்கள். அது நல்ல மருந்து, ஆனால் அதன் வேலை குடலோடு முடிந்துவிடுகிறது.

முகாமில் சொன்னதில் ஒரு துளி உண்மை இருப்பதை மறைக்க மாட்டேன். முதுமையில் செல்லின் இந்தத் திறன் குறைகிறது. பார்க்கின்சன் நோயில் மூளைச் செல்களுக்குள் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதம் திரள்கிறது. சிதைப்பது நின்றால் என்ன ஆகும் என்பதைப் புற்றுநோய் மருத்துவமும் காட்டுகிறது: 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப், புரோட்டியசோமை முடக்கும் மருந்து. ஓயாமல் புரதம் உற்பத்தி செய்யும் மைலோமா புற்றுச் செல்கள் அதனால் மடிகின்றன. அந்த மருந்தை ஊசியாகத்தான் போடுகிறார்கள், புற்றுநோய் நிபுணரின் கண்காணிப்பில்.

அதே முகாம் மறுபடி நடந்தால், விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: விழுங்கிய புரோட்டியேஸ் குடல் சுவரைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, செல்லின் சவ்வைக் கடந்து, வழியில் ஒரு நல்ல புரதத்தைக்கூடத் தொடாமல், பழையதை மட்டும் எப்படித் தேடிப் பிடிக்கிறது? எந்த வழியாகப் போகிறது என்று அவர் விளக்கட்டும்.