உத்தரவு இல்லாமல் ஒட்டுக்கேட்கிறார்கள், யாரிடம் சொல்வது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தொலைபேசி நிறுவனம் ஒன்றில் கான்ட்ராக்ட் வேலையாம். போலீஸ் ஒட்டுக்கேட்கச் சொல்லும் நம்பர்கள் அவருடைய டீம் வழியாகத்தான் போகின்றன, ஆனால் சில நம்பர்களுக்கு உத்தரவே வருவதில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்தான். "பத்திரிகைக்குக் கொடுத்துவிடலாமா, சட்டம் என்னைக் காப்பாற்றுமா?" என்கிறார்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற பட்டியல், அதாவது சிடிஆர் மட்டும் என்றால் அதற்கு உள்துறைச் செயலர் உத்தரவு தேவையில்லை, அதைப் போலீஸ் வாங்கும் வழியே வேறு. பேச்சையே கேட்கிறார்கள் என்றால் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். அவசரம் என்று மாநிலப் போலீஸ் தானே தொடங்கினாலும் ஐஜி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி சொல்லியிருக்க வேண்டும், ஏழு வேலை நாளுக்குள் செயலர் அதை உறுதி செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டரின் வாட்ஸ்அப் எந்தக் கணக்கிலும் சேராது.

உத்தரவு என்ற பெயரில் வரும் காகிதத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2005-ல் டெல்லியில் சமாஜ்வாதி கட்சித் தலைவர்களில் ஒருவரான அமர் சிங்கின் போனை ஒட்டுக்கேட்க ஒரு நிறுவனத்துக்கு வந்த கடிதம் போலி, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் இருந்தது. இதைப் பார்த்தும் சரிபார்க்காமல் விட்டீர்களா என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனத்தின் நோடல் அதிகாரி, அதாவது ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைக் கையாளவென்றே நியமிக்கப்பட்டவர், 15 நாளைக்கு ஒருமுறை தனக்கு வந்த உத்தரவுகளின் பட்டியலை அந்தந்த ஏஜென்சிக்கு அனுப்பி உண்மைதானா என்று கேட்க வேண்டும், 2007 விதிகளிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. அதனால் உங்கள் முதல் வேலை அவருக்கு ஆபீஸ் மெயிலில் ஒரே வரி: "இந்தக் கோரிக்கைக்கு உத்தரவு எண் என்ன?" யார் நம்பர், யார் பேச்சு என்பதெல்லாம் அதில் வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட், பென் டிரைவ், சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் எதுவும் கூடாது. அனுமதியில்லாமல் டேட்டாவை எடுத்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதற்கு மேல் அரசு ரகசியச் சட்டம் வேறு. அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்டு ரஷ்யாவில் தஞ்சமடைந்த ஸ்னோடனும் உங்களைப் போல கான்ட்ராக்ட் ஊழியர்தான். அவர் வெளிப்படுத்திய போன் விவரச் சேகரிப்பு சட்டவிரோதம் என்று 2020-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது, அப்போதும் அவர் மாஸ்கோவைவிட்டு வர முடியவில்லை.

சட்டம் காப்பாற்றுமா என்றால், பெரிதாக இல்லை. ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியது, அரசு அதை அமலுக்கே கொண்டுவரவில்லை (நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு இந்தக் கதி!). கையில் இருப்பது தகவல் தருபவரின் பெயரை ரகசியமாக வைக்கும் 2004-ன் பிஐடிபிஐ (PIDPI) தீர்மானம். மூடிய உறையின் மேல் பிஐடிபிஐ என்று எழுதி டெல்லியிலுள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் செயலருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். உங்கள் பெயர் உறைமேல் இருக்கக் கூடாது, உள்ளே கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். ஆனால் இது மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள்மீதான புகாருக்கு மட்டும்தான்.

கர்நாடகப் போலீஸ் என்றால் அந்தக் கதவும் இல்லை. மாநில ஊழல் புகார்களை விசாரிக்கும் லோகாயுக்தாவில் பிரமாணப் பத்திரத்தோடு பெயர் போட்டுத்தான் புகார் தர வேண்டும். ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 1988-ல் முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகிய மாநிலம் இது, இங்கே இப்படியொரு புகாரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அதற்கு முன்பே குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், கம்பெனி வக்கீலை அல்ல, அவர் கம்பெனிக்குத்தான் வேலை பார்க்கிறார். உங்கள் வழக்கறிஞரிடம் சொல்வதை அவர் உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. நேரில் போங்கள், தேதிகளைக் கையால் எழுதிக்கொண்டு போங்கள், ஆபீஸ் போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.